கரு தாய்க்கு அனுப்பும் முதற் செய்தி

சித்தூர் மாவட்டத்திலே, கார்வேட்டிநகரத்துக்கு அண்மையில் வெதுருகுப்பம் என்று ஓர் ஊர் இருக்கிறது. தெலுங்கிலே வெதுரு என்றால் மூங்கில். குப்பம் என்ற சொல்லோ தமிழுக்கும் தெலுங்குக்கும் பொது. இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் நிலம் சிறிதாயினும், கிணற்றில் நீர் வற்றினாலும், குடும்பத்தைத் தாங்குவது கொட்டிலில் நிற்கும் ஒன்றிரண்டு கறவை மாடுகளே. பசு பருவத்துக்கு வந்து, சினை ஊசியும் போட்டான பின்பு, மாட்டுக்காரர் நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்து வைக்கிறார். அது அன்றிலிருந்து 21ஆம் நாள். அந்நாளையொட்டிப் பசு மீண்டும் கத்தினால், சினை நிற்கவில்லை என்று பொருள். மூன்று வாரத் தீனி வீண். அடுத்த ஈற்றுப் பாலும் மூன்று வாரம் தள்ளிப் போயிற்று. பசு கத்தாமல் அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு நம்பிக்கை பிறக்கிறது.

இந்த 21 நாட்களில் பசுவின் வயிற்றினுள்ளே நடப்பது என்ன? அதைத்தான் இன்று நேயர்களோடு சேர்ந்து சற்றே நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

விந்தணு முட்டையோடு கூடிவிட்டால் காரியம் முடிந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று. நடுத்தரமாகப் பால் கறக்கும் ஆரோக்கியமான பசுக்களுக்குத் தக்க தருணத்தில் சினை ஊசி போட்டால், 100 முட்டைகளில் ஏறக்குறைய 90 கருவுற்றுவிடுகின்றன. ஆனால் கன்றாக வெளிவருபவை ஏறத்தாழ 55 மட்டுமே. இடையில் மறைந்துபோனவற்றுள் பெரும்பகுதி முதல் 16, 17 நாட்களுக்குள்ளேயே மறைகின்றன. வெளியில் ஓர் அடையாளமும் தெரிவதில்லை. நம் நாட்டு மாட்டுக்காரர் 'சினை நின்றது', 'சினை நிற்கவில்லை' என்று சொல்லும் வழக்கு இவ்வுண்மையை எவ்வளவு நுட்பமாகப் பிடித்திருக்கிறது, பாருங்கள்! கருவுறுதல் ஒன்று, கரு நிற்றல் மற்றொன்று. முன்னது சில மணி நேரத்துச் செயல். பின்னதற்குக் கரு தானே முயன்று, தன் வரவைத் தாய்க்குத் தெரிவித்தாக வேண்டும்.

முதலில் கருவின் பயணத்தைக் காண்போம். பசுவின் பருவக் குறிகள் அரை நாள் முதல் 18 மணி நேரம் வரையில் இருக்கும். அக்குறிகள் அடங்கிச் சுமார் 10, 12 மணி நேரம் கழித்தே சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்படுகிறது. காலையில் பருவம் கண்ட பசுவுக்கு மாலையிலும், மாலையில் கண்ட பசுவுக்கு மறுநாட் காலையிலும் ஊசி போடச் சொல்வது இக்கணக்கை வைத்துத்தான். முட்டையும் விந்தணுவும் சந்திக்கும் இடம் கருப்பையன்று. அதற்கு மேலுள்ள மெல்லிய கருக்குழாயின் விரிந்த பகுதி. அங்கே கருவுற்ற முட்டை இரண்டாகவும், நான்காகவும், எட்டாகவும் பிரிந்துகொண்டே மெல்லக் கீழிறங்கி, நான்காம் ஐந்தாம் நாளில் கருப்பைக்குள் வந்து சேருகிறது. அப்போது அதன் தோற்றம் முசுக்கட்டைப் பழத்தை ஒத்திருப்பதால், மேல்நாட்டு நூலோர் அப்பழத்தின் பெயரையே இலத்தீன் மொழியில் அதற்கு இட்டனர். பலமனேர், குப்பம் பக்கங்களில் பட்டுப்புழுவுக்கென்று முசுக்கட்டை வளர்ப்போருக்கு அந்த உருவத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஏழாம் நாளில் இவ்வுருண்டையின் நடுவே நீர் தேங்கி, அது உள்ளே வெற்றிடமுள்ள ஒரு கோளமாகிறது. இதைக் கருக்கோளம் என்போம். இதன் உட்புறத்தில் ஒரு மூலையில் திரண்டு நிற்கும் சில உயிரணுக்களே பிற்பாடு கன்றாக வளர்பவை. கோளத்தின் வெளிச்சுவராக நிற்பவை கன்றாவதில்லை, அவை இளங்கொடியாகின்றன. அப்போது கருக்கோளத்தின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒன்பதாம் பத்தாம் நாளில் அது தன்னைச் சுற்றியிருந்த மெல்லிய ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. கோழிக் குஞ்சு ஓட்டை உடைத்து வருவது போன்றதே இதுவும். ஆயினும் இக்குஞ்சைக் காண உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

இனித் தாயின் பக்கம் திரும்புவோம். முட்டை வெளியேறிய இடத்தில், சினைப்பையின் மேல், ஒரு காயம் ஆறுவது போல ஒரு திரட்சி எழுகிறது. அதன் நிறத்தைக் கொண்டு அதற்கு மஞ்சள் திரள் என்று பெயர். சில நாட்களுக்குள்ளேயே அது புரோஜெஸ்டிரோன் என்னும் உட்சுரப்பை இரத்தத்தில் கலக்கத் தொடங்குகிறது. கருப்பையை அசையாமல் அடக்கி வைப்பதும், அதன் சுவரிலுள்ள சுரப்பிகளை ஊக்கிக் கருவுக்கு உணவூட்டுவதும், அடுத்த பருவம் வராமல் தடுப்பதும் இச்சுரப்பின் வேலைகள். மஞ்சள் திரளை அறுத்து நீக்கினால் சினை முயலின் கருக்கள் அழிந்துவிடுகின்றன என்பதை ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் ஃபிராங்கெல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டினார். மஞ்சள் திரள் வாழ்ந்தால் சினை வாழும். அது மாண்டால் சினையும் மாளும்.

அப்படியானால், சினை பிடிக்காத பசுவில் அந்த மஞ்சள் திரளைக் கொல்வது யார்? இக்கேள்விக்கு விடை காட்டிய சோதனை 1923இல் நடந்தது. லியோ லோப் என்னும் ஆராய்ச்சியாளர் கினிப்பன்றிகளின் சினைப்பைகளைத் தொடாமல், கருப்பையை மட்டும் அகற்றினார். அகற்றியதும், இயல்பான காலத்தில் அழிந்திருக்க வேண்டிய மஞ்சள் திரள் நெடுநாள் உயிரோடிருந்தது. ஆகவே அதற்கு முடிவு கட்டும் ஆணை கருப்பையிலிருந்தே வருகிறது என்பது வெளிப்பட்டது. அந்த ஆணை புராஸ்டாகிளாண்டின் எனப்படும் ஒரு பொருள் என்பது 1970களின் தொடக்கத்தில் செம்மறியாடுகளில் உறுதியாயிற்று. அது செல்லும் வழி வியப்பானது. கருப்பையிலிருந்து வெளியேறும் இரத்தக் குழாயின்மேல், சினைப்பைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் கொடி போலச் சுற்றிக்கொண்டிருக்கிறது. புராஸ்டாகிளாண்டின் முதற் குழாயின் சுவர் வழியே கசிந்து இரண்டாவதற்குள் புகுந்து, உடல் முழுவதையும் சுற்றி வராமல் நேரே சினைப்பையை அடைந்து, மஞ்சள் திரளைத் தாக்குகிறது. பசுவில் இது 16, 17ஆம் நாளையொட்டித் தொடங்குகிறது. மஞ்சள் திரள் ஒடுங்குகிறது, புரோஜெஸ்டிரோன் வற்றுகிறது, புதிய முட்டை முதிர்கிறது, 21ஆம் நாளில் பசு கத்துகிறது.

இவ்வேற்பாட்டில் ஒரு கடுமை உண்டு. கருப்பை, தனக்குள் கரு இல்லை என்ற எண்ணத்திலேயே நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. எதிர்ச் செய்தி எதுவும் வராவிட்டால், குறித்த நாளில் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி தொடங்கும். உள்ளே நல்ல கரு ஒன்று இருந்தாலுமே, அது வாய் திறக்கத் தாமதித்தால் அதற்கும் அதே கதிதான்.

எத்தனையாம் நாள் வரையில் தவணை? இதை அறிய இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலே ராபர்ட் மூர், லயனல் ரோசன் என்னும் இருவர் செம்மறியாடுகளில் நடத்திய சோதனைகள் 1966இல் வெளிவந்தன. செம்மறிக்குப் பருவச் சுற்று 16, 17 நாட்கள். கிடாவோடு சேராத ஆடுகளின் கருப்பையில், வெவ்வேறு நாட்களில், வேறு ஆடுகளிலிருந்து எடுத்த கருவை வைத்துப் பார்த்தனர். 12ஆம் நாள் வரையில் வைத்தபோது சினை நின்றது. அதற்குப் பிறகு வைத்தபோது நிற்கவில்லை, காலம் கடந்துவிட்டது. அடுத்து, எதிர்த் திசையிலும் சோதித்தனர். சினையான ஆடுகளிலிருந்து கருவை எடுத்தெறிந்தனர். 13ஆம் நாளுக்கு முன் எடுத்தால், ஆடு வழக்கம்போலப் பருவத்துக்கு வந்தது. அந்நாளிலோ பின்னரோ எடுத்தால், கரு போன பின்னும் மஞ்சள் திரள் பல நாள் நீடித்தது. செய்தி முன்பே சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். செய்தியைக் கொண்டு சென்றது என்ன என்றும் அவர்கள் தேடினர். 14, 15 நாட் கருக்களை அரைத்துக் கருப்பைக்குள் செலுத்தினால் மஞ்சள் திரள் நீடித்தது. அதே சாற்றைச் சூடாக்கிச் செலுத்தினால் பயனில்லை. 25ஆம் நாட் கருவின் சாற்றுக்கும் அந்த ஆற்றல் இல்லை. எனவே அது சூட்டில் கெடும் ஒரு புரதம்; சில நாட்களே சுரந்து ஓய்ந்துவிடும் புரதம்.

மிகுந்த கருவிகள் இல்லாமலே, 'இன்று வை, நாளை வை, இன்று எடு, நாளை எடு' என்ற எளிய கணக்கைக் கொண்டே இவ்வளவையும் கண்டுபிடித்தது எனக்கு மிகவும் பிடித்த விஞ்ஞானக் கதைகளுள் ஒன்று.

அப்புரதத்தைப் பிரித்தெடுக்கும் பணி பிரான்சிலும் அமெரிக்காவிலும் 1979 முதல் 1982 வரையில் நடந்தது. 1987இல் அதன் அமைப்பு தெரியவந்தபோது ஆராய்ச்சியாளர்களே திகைத்தனர். அது இன்டர்ஃபெரான் இனத்தைச் சேர்ந்தது! இன்டர்ஃபெரான் என்பது வைரஸ் நோய்க்கிருமி தாக்கும்போது அதைத் தடுக்க உடலின் உயிரணுக்கள் உண்டாக்கும் பொருள். 1957இல் இலண்டனில் கண்டறியப்பட்டது. நோயை எதிர்க்க உடல் வைத்திருந்த ஓர் ஆயுதத்தைக் கரு எடுத்து, தன் வருகையைச் சொல்லும் ஓலையாக மாற்றிக்கொண்டிருக்கிறது. இன்டர்ஃபெரான்-டௌ என்று இன்று அதற்குப் பெயர். மாடு, எருமை, ஆடு, மான் ஆகிய அசைபோடும் விலங்குகளின் கருக்களே இதைச் சுரக்கின்றன. மனிதக் கருவிலோ பன்றியின் கருவிலோ இது இல்லை. இப்புரதம் கருப்பைச் சுவரில் பட்டதும், அச்சுவர் புராஸ்டாகிளாண்டினை அலையலையாகச் சுரப்பதற்கு வேண்டிய ஏற்பிகள் அங்கே முளைப்பதில்லை. கொலையாளியைத் தடுத்து நிறுத்துவதில்லை. அவன் புறப்படும் கட்டளையே எழாமற் செய்துவிடுகிறது.

ஆனால் ஒரு சிறு கோளத்தின் சுரப்பு, இரு நீண்ட கொம்புகளாகப் பிரிந்து கிடக்கும் பசுவின் கருப்பை முழுவதிலும் எப்படிப் படும்? இதற்குக் கரு மேற்கொள்ளும் உபாயம் வேறெங்கும் எளிதிற் காணக் கிடைக்காதது. 12, 13 நாட்களுக்குப் பின் உருண்டை முட்டை வடிவாகிறது, முட்டை வடிவம் குழலாகிறது, குழல் நூலாகிறது. 14ஆம் நாளில் ஒரு சென்டிமீட்டரை எட்டியும் எட்டாமலும் இருக்கும் கரு, 18ஆம் நாளில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீண்ட, நீர் நிறைந்த ஒரு மெல்லிய நூலாகிவிடுகிறது. அதன் நடுவே ஒரு புள்ளிதான் கன்று. மற்றெல்லாம் செய்தி சொல்லும் சுவர். நூல் எவ்வளவு நீளமோ, சுரக்கும் இன்டர்ஃபெரானும் அவ்வளவு மிகுதி. பின்தங்கி வளர்ந்த குட்டைக் கரு, பேசியும் போதாமல், தாயின் காதில் விழாமல் அழிகிறது. இவ்வாறு நீளுவதற்குக் கருவுக்கு உணவாவது கருப்பைச் சுரப்பிகள் ஊட்டும் பால் போன்ற நீரே. அச்சுரப்பிகள் உருவாகாமற் செய்யப்பட்ட செம்மறியாடுகளில் கரு நீளுவதே இல்லை என்று சோதனையில் தெரிந்தது.

இந்த நூலை முதன்முதலில் கண்டு எழுதியவருள் ஒருவர், இரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹார்வி. இங்கிலாந்து மன்னரின் வேட்டைக் காடுகளில் கொல்லப்பட்ட பெண் மான்களை அவர் ஆண்டுதோறும் அறுத்துப் பார்த்தார். மான்கள் கூடிப் பல வாரங்கள் ஆகியும் கருப்பையில் ஒன்றுமே தென்படவில்லை. பிறகு ஒரு நாள் சிலந்தி நூல் போன்ற சளி இழைகள் கருப்பையின் ஒரு கொம்பிலிருந்து மறு கொம்பு வரையில் ஓடக் கண்டார். 1651இல் வெளியான தம் நூலில் இதை எழுதி வைத்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையின்றி அவர் கண்ட அந்த ஒட்டடை, நீண்டுவிட்ட மான் கருவே.

எல்லாப் பாலூட்டிகளும் இவ்வழியையே பின்பற்றுவதில்லை. பெண் பன்றியில் 11, 12ஆம் நாளில் கருக்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து செய்தி சொல்கின்றன. அப்போது நான்கு கருக்களேனும் கருப்பையில் இல்லாவிட்டால் சினை நிற்பது அரிது. குதிரையின் கரு நூலாக நீளாமல் உருண்டையாகவே இருந்து, 16ஆம் நாள் வரையில் இரு கொம்புகளிலும் நாள்தோறும் பல முறை உருண்டு உருண்டு சென்று, ஒவ்வோரிடத்திலும் தன்னைத் தெரிவித்துக்கொள்கிறது. ஐரோப்பாவிலுள்ள ரோ என்னும் சிறு மானில், கோடையில் உண்டான கரு சுமார் ஐந்து மாதம் வளர்ச்சியை நிறுத்தி வைத்துக் காத்திருக்கும். குட்டி ஈனும் காலம் புல் தழைக்கும் பருவத்தில் அமையட்டும் என்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு அது. நம் ஊர் மரங்களில் தொங்கும் குட்டை மூக்குப் பழந்தின்னி வௌவாலும், ஒரு பருவத்துச் சினையில் கருவின் வளர்ச்சியை மெதுவாக்கிக்கொள்கிறது என்று வாரணாசியில் ஆராய்ந்து கண்டுள்ளனர். மனிதரில் கருக்கோளம் கருவுற்ற ஒரு வாரத்தையொட்டிக் கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு அதனுள் முழுவதும் புதைந்துவிடுகிறது. புதைந்ததும் அது இரத்தத்தில் விடும் ஓர் உட்சுரப்பே மஞ்சள் திரளை நேரடியாகத் தாங்கி நிறுத்துகிறது. அதுவே தாயின் சிறுநீரிலும் வெளிப்படுவதால், மருந்துக் கடையில் வாங்கும் சோதனைப் பட்டையில் கோடு விழுகிறது. பசுவின் கருச் செய்தி கருப்பைக்குள்ளேயே பேசி முடிக்கப்படுவது. ஆகையால் பசுவுக்கு அத்தகைய சிறுநீர்ப் பட்டை கிடையாது.

திருப்பதிக்கு வருவோம். 2023 ஜூன் மாதத்தில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக் கோசாலையில் ஓர் ஓங்கோல் பசு, தன் இனமல்லாத சாஹிவால் இனக் கிடாரிக் கன்றை ஈன்றது. கன்றுக்குப் பத்மாவதி என்று பெயரிட்டார்கள். திருப்பதியிலுள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணையோடு செய்த கருமாற்றத்தின் பயன் அது. ஓங்கோல் பசு ஆந்திரக் கடற்கரைக்குரியது. சாஹிவால் பஞ்சாப் பக்கத்துப் பால் மாடு. இக்கன்றின் உடலில் ஓங்கோல் தாயின் இனக்கூறு ஒரு துளியும் இல்லை. ஆயினும் அந்தக் கருப்பை அதை ஏற்று, வளர்த்து, ஈன்று தந்தது. கருவைப் பார்த்து 'நீ யாருடையது?' என்று கருப்பை கேட்பதில்லை போலும். 'சரியான நாளில் பேசினாயா?' என்பதையே கேட்கிறது. இதனாலேதான் கருமாற்றத்தில் எல்லாவற்றினும் முதன்மையானது நாட்கணக்கு. ஏழு நாட் கருவை வைப்பதானால், ஏற்கும் பசுவும் பருவம் கண்டு ஏழாம் நாளில் இருத்தல் வேண்டும். ஒரு நாள் முன்பின் ஆகலாம். அதற்கு மேல் வேறுபட்டால், கருவின் குரல் எழும்போது தாயின் தவணை முடிந்திருக்கும்.

இவ்வித்தை புதிதன்று. வால்டர் ஹீப் என்பவர் 1890இல் இங்கிலாந்தில் அங்கோரா முயலின் இரு கருக்களை எடுத்து, தன் இனக் கிடாவோடு சேர்ந்திருந்த ஒரு பெல்ஜிய முயலின் கருக்குழாயில் வைத்தார். அது ஈன்ற ஆறு குட்டிகளில் நான்கு பெல்ஜியக் குட்டிகள். இரண்டு, வெண்பட்டு போன்ற மயிருடைய அங்கோராக் குட்டிகள். மறு ஆண்டில் அவர் குரங்குகளின் கருப்பையை ஆராயக் கல்கத்தாவுக்கே வந்தார். அன்று வியப்புக் காட்சியாக இருந்தது, இன்று அருகிவரும் இனங்களைப் பெருக்கும் வழியாகியுள்ளது. சித்தூர்ச் சீமைக்கே உரிய புங்கனூர்க் குட்டை மாடு, உலகின் மிகச் சிறிய மாட்டினங்களுள் ஒன்று, உயரம் மூன்றடிக்குள். பலமனேரிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் அவ்வினத்தைக் காத்து வருகின்றனர். ஒரு பசு தன் வாழ்நாளில் ஈனக்கூடியவை சில கன்றுகளே. அதன் முட்டைகளைக் கருவாக்கி வேறு பசுக்களிடம் ஒப்படைத்தால், அத்தொகை பல மடங்காகும்.

21ஆம் நாள் கடந்தது. இப்போதுதான் கரு கருப்பையோடு ஒட்டத் தொடங்குகிறது. மனிதக் கருவைப் போல இது சுவரைத் துளைத்து உட்புகுவதில்லை; மேலே படிந்து பற்றுகிறது. பசுவின் கருப்பை உட்சுவரில் குமிழ்கள் போன்று 75 முதல் 120 வரையில் மேடுகள் உள்ளன. இளங்கொடி ஒவ்வொரு குமிழிலும் விரல்களை நீட்டிக் கோத்துக்கொள்கிறது. கன்று ஈன்றபின் இளங்கொடி விழாமல் தங்கிவிட்டது என்று நாம் வருந்துவது, இவ்விரல்கள் குமிழ்களிலிருந்து கழலாததே.

இந்த ஒட்டும் முறையிலிருந்து ஒரு பெரிய விளைவு பிறக்கிறது. மனிதரில் தாயின் இரத்தம் நஞ்சுக்கொடியை நேரே நனைப்பதால், நோயெதிர்ப்புப் பொருள்கள் பிறக்கும் முன்பே குழந்தைக்குச் சென்று சேருகின்றன. பசுவிலோ தாயின் இரத்தத்துக்கும் கன்றின் இரத்தத்துக்கும் இடையே பல அடுக்குச் சுவர்கள் நிற்கின்றன. அப்பொருள்கள் அவற்றைத் தாண்டுவதில்லை. கன்று, நோயை எதிர்க்கத் தாயிடமிருந்து ஒன்றும் பெறாமலே பிறக்கிறது. அத்தனையும் சீம்பாலில் இருக்கிறது. அதைக் கன்றின் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்வதும் முதல் ஒரு நாள் மட்டுமே. நேரம் செல்லச் செல்ல அவ்வாயில் மூடிக்கொண்டே வருகிறது. சீம்பாலில் வெல்லமும் ஏலமும் இட்டு அவித்துச் செய்யும் ஜுன்னு இப்பக்கத்தில் எவ்வளவு சுவையான பண்டம் என்பதை நான் அறியாதவனல்லேன். முதல் சில மணி நேரத்துச் சீம்பாலைக் கன்று வயிறாரக் குடித்த பின் மிஞ்சுவதே நம்முடைய பங்கு.

கரு நில்லாமற் போவதற்குச் சித்தூர்ச் சீமையில் தனியே நினைவிற்கொள்ள வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அது வெயில். சினை ஊசி போட்ட மறுநாள் கடும் வெப்பத்தில் வைக்கப்பட்ட பசுக்களின் கருக்கள் பெரிதும் பாழாயின என்றும், மூன்றாம் நாளும் அதற்குப் பின்னும் வெப்பம் தாக்கியபோது அவ்வளவு கேடு விளையவில்லை என்றும் அமெரிக்காவில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் 1993இல் வெளியிட்டனர். இரண்டு உயிரணுக்களாய் இருக்கும் கருவுக்கு வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் இன்னும் வரவில்லை. ஊசி போட்ட பசுவை அன்றே வெயிலில் நெடுந்தூரம் நடத்திக்கொண்டு வருவதும், மறுநாள் பொட்டல் மேய்ச்சலுக்கு விடுவதும் தக்கதன்று. கூரை நிழலும், வேண்டும்போதெல்லாம் குடிக்கத் தண்ணீரும், கோடையில் உடலில் நீர் தெளித்தலும் முதல் இரண்டு மூன்று நாட்களில் மற்ற நாட்களைவிட மிகுந்த பயன் தருவன.

வெப்பம் எல்லா இனத்தையும் ஒன்றுபோல வாட்டுவதில்லை. கருக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, 41 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் வைத்துப் பார்த்தனர். திமில் உள்ள மாட்டினங்களின் கருக்கள், ஐரோப்பியக் கறவை இனத்துக் கருக்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. அச்சோதனைகளில் பயன்பட்ட இனங்களுள் ஒன்று பிரேசில் நாட்டின் நெலோர். அந்தப் பெயரைக் கேட்டதும் நேயர்கள் புன்னகைப்பார்கள். நம் ஓங்கோல் மாடுகள் கப்பலேறிப் பிரேசிலுக்குச் சென்று பெருகி, நெல்லூரின் பெயரால் அங்கே விளங்குகின்றன. அந்நாட்டில் மிகுதியாக உள்ள மாட்டினம் இன்று அதுவே. இங்கே நாமோ பாலை நாடி ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்களை வளர்க்கிறோம். அது தவறு என்று சொல்ல மாட்டேன்; பால் அளவு கூடியிருக்கிறது. ஆனால் கலப்பினப் பசுவுக்கு நிழலைக் கூடுதலாகக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

21ஆம் நாளில் பசு கத்தாதது சினைக்கு உறுதிச் சான்று ஆகாது. வெயிற்காலத்தில் சில பசுக்களுக்குப் பருவம் வந்தும் குறி வெளிப்படையாகத் தெரிவதில்லை. எருமையில் இது இன்னும் அதிகம். ஆகையால் 18ஆம் நாள் முதல் 24ஆம் நாள் வரையில் காலையும் மாலையும் கவனித்து வருதல் நலம். பிறகு கால்நடை மருத்துவரிடம் காட்டினால், ஒலியலைக் கருவி உள்ள இடத்தில் ஏறக்குறைய 28 நாளில் சினையைத் திரையில் காணலாம். கையால் தடவிப் பார்த்துச் சொல்வதற்கு இரண்டு மாதம் ஆகட்டும் என்பார்கள். சினை இல்லை என்பது எவ்வளவு விரைவில் தெரிகிறதோ அவ்வளவு தீனி மிச்சம்.

இச்சோதனைக்கு மற்றொரு முக்கியமும் உண்டு. கருப்பை சுரக்கும் அந்தப் புராஸ்டாகிளாண்டின் இன்று மருந்துக் குப்பியில் கிடைக்கிறது. பருவத்துக்கு வராத பசுவைப் பருவத்துக்குக் கொண்டுவர மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகின்றனர், நல்ல மருந்து. ஆனால் பசுவுக்கு ஏற்கெனவே சினை நின்றிருக்க, அதை அறியாமல் அவ்வூசியைப் போட்டுவிட்டால், மஞ்சள் திரள் ஒடுங்கிக் கரு கலைந்துவிடும். கரு பதினாறாம் நாளில் பேசித் தடுத்து நிறுத்திய அதே பொருள், இம்முறை ஊசி வழியே வந்துவிடுகிறது. அதைத் தடுக்கக் கருவுக்கு வழியில்லை. பசுவில் ஆறு ஏழு மாதம் வரையில் சினை மஞ்சள் திரளை நம்பியிருக்கிறது. செம்மறியில் சுமார் 50 நாளுக்குப் பின் இளங்கொடியே புரோஜெஸ்டிரோனைச் சுரந்துகொள்ளும். வெள்ளாட்டிலோ, ஐந்து மாதச் சினைக்காலம் முழுவதும் மஞ்சள் திரளே தாங்கி நிற்கிறது. எனவே சினை வெள்ளாட்டுக்கு இந்த ஊசியால் வரும் ஆபத்து குட்டி ஈனும் நாள் வரையில் நீங்குவதில்லை.